ஒரு நிறம் குறைத்துச் சொன்னவர்

ஓட்டோவின் முன்சில்லு கழன்று, தலைமன்னார் வீதியோரப் பற்றைக்குள் நாங்கள் போய்ச் செருகிய அன்று, நான் பின் இருக்கையில் போத்தல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். ஓட்டோ ஓட்டிய அண்ணை ஆறுதலாக இறங்கிப் பார்த்தார். சில்லு எங்களை விட்டுவிட்டுத் தார் வீதியில் தன்பாட்டில் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சில்லு விலத்திப் போச்சு, பிள்ளை," என்றார்.

அவருக்கு எல்லாமே கொஞ்சம்தான். மாரியில் கடல் பேசாலை முற்றங்களுக்குள் ஏறிய காலையில் போன் எடுத்து, வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "வாறன். வீட்டுக்குள்ள கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்" என்றார். பின்னால் யாரோ "கட்டிலைத் தூக்குங்கோ, கட்டிலைத் தூக்குங்கோ" என்று அலறுவது கேட்டது. இந்தியாவில் முகாமில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று கேட்டால் "கொஞ்ச நாள்" என்பார். பால்பற்கள் விழுகிற வயதில் வள்ளம் ஏறிப் போனவர், தலை நரைக்கத் தொடங்கியபின் திரும்பியிருக்கிறார். பேசாலைப் பெடியள் அவருடைய ஓட்டோவைக் 'கொஞ்சம் எக்ஸ்பிரஸ்' என்பார்கள். அவருக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டே போவார்.

அது சும்மா வாய்ப்பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடத் திரிந்த பிறகுதான் அதன் வேர் வேறு எங்கேயோ இருப்பது தெரிந்தது. அவருக்குப் பிறர் வெட்கப்படுவதைப் பார்க்க ஏலாது. வேதக் கோயிலில் வாசகம் வாசிக்கும் சிறுமி ஏதோ ஒரு தீர்க்கதரிசியின் பெயரில் தடக்கி நின்றால், சபையில் எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் நிலத்தைப் பார்ப்பார். இவருடைய காது சிவக்கும். ஒருமுறை மீன் வாடியில் ஒரு வியாபாரி தராசைப் பெருவிரலால் அமுக்கிப் பிடிபட்டான். சனம் சுற்றி நின்று ஏச, நான் புதினம் பார்க்க எட்டி எட்டிக் குதித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். மீனும் வாங்கவில்லை. தூரத்தில் ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு, ஏதோ தன்னுடைய விரல்தான் பிடிபட்டதுபோல இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்திருந்தார்.

"கள்ளனுக்கு நீங்கள் ஏன் அண்ணை வெக்கப்படுறீங்கள்?"

"அவன்ர மனிசி அங்க நிண்டவ, பிள்ளை. நீங்கள் பார்க்கேல்லையோ?"

நான் பார்க்கவில்லை. எனக்குத் தராசுதான் தெரிந்தது.

இரசாயனம் படித்து முடித்த கையோடு, மன்னாரில் கிணறுகளைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வு வேலை எனக்குக் கிடைத்திருந்தது. தண்ணீரில் ஆசனிக் என்கிற நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால், இந்தப் பக்கத்திலேயே கிடைக்கிற ஏதாவதொன்றால் அதைப் பிடித்தெடுக்க முடியுமா என்று பார்ப்பது. சுட்ட பனங்கொட்டைக் கரி, சிப்பித் தூள், முருங்கை விதை, செம்மண் என்று என் அறை முழுக்கச் சாக்கும் போத்தலும். காலை எழுந்தால் அன்றைக்கே உலகத்தைத் திருத்திவிட வேண்டும் என்கிற அவசரம் எனக்கு. அவர் வாடகை ஓட்டோக்காரராக வந்தார். போத்தல் தூக்கித் தந்தார், பிறகு மூடி திறந்து தந்தார், ஒரு மாதத்துக்குள் சோதனையில் பாதி அவருடைய கையில் நடந்தது.

சோதனை கடினமானதல்ல. போத்தலில் தண்ணீரை விட்டு, இரண்டு விதமான பொடிகளைப் போட்டு, ஒரு சின்ன வெள்ளைக் காகிதத்தை மூடியில் செருகிப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே நுரைத்து எழும் வாயு அந்தக் காகிதத்தைத் தொடும். ஆசனிக் இல்லையென்றால் காகிதம் வெள்ளையாகவே வெளியில் வரும். இருந்தால் இளமஞ்சள், மஞ்சள், கடும் மஞ்சள், மண்ணிறமான கபிலம் என்று ஏறிக்கொண்டு போகும். நிற அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்து, இன்ன நிறம் என்று சொல்ல வேண்டும். இப்போது நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் இதையெல்லாம் இயந்திரம் எண்ணாகத் துப்பிவிடுகிறது. யார் வீட்டுக் கிணறு, யார் தேத்தண்ணி தந்தார்கள் என்று அதற்குத் தெரியாது.

கண் ஏமாற்றும் என்பதால் நான் ஒரு விதி வைத்தேன். இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பிறகுதான் வாய் திறக்க வேண்டும். முதல் வாரத்திலேயே விசயம் பிடிபட்டது. நான் மஞ்சள் என்றால் அவர் இளமஞ்சள் என்பார். நான் கடும் மஞ்சள் என்றால் அவர் மஞ்சள். எப்போதும் ஒரு நிறம் குறைவு.

பார்வைக் கோளாறாக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் அவருடைய மனைவி தைக்கிற சட்டைக்கு நூல் வாங்கக் கடைக்குள் இறங்கினார். கையில் ஒரு துண்டுத் துணி, பாசிப்பச்சை. கடைக்காரர் பச்சையில் எத்தனையோ நூற்கண்டுகளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் பரப்பினார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. இவர் ஒன்றைத் தொட்டு, விட்டு, பக்கத்துக் கண்டை எடுத்துத் துணிமேல் வைத்தார். நூல் துணிக்குள் மறைந்து போனது.

ஓட்டோவில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, உங்கட கண்ணில ஒரு குறையும் இல்ல. பிறகேன் ஒவ்வொரு கிணத்துக்கும் ஒரு நிறம் குறைச்சுச் சொல்லுறீங்கள்?"

"குறைச்சே?"

"ஓம். சரியா ஒண்டு. தவறாமல் ஒண்டு."

ஒரு பள்ளத்தைச் சுற்றி ஓட்டினார்.

"பிள்ளை, நாங்கள் போனவுடன கதிரையைச் சீலைத் தலைப்பால துடைச்சுப் போட்டு இருங்கோ எண்டுதுகள். தேத்தண்ணி ஊத்தித் தருதுகள். அதையும் குடிச்சுப்போட்டு, உங்கட கிணத்தில நஞ்செண்டு மூஞ்சைக்கு நேர என்னெண்டு சொல்லுறது?"

"கிணத்தில இருக்கிறதுக்கு அவை என்ன செய்வினம்? அதில என்ன வெக்கம்?"

"நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்கு அது தண்ணி. அதுகளுக்கு அது வீடு."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். முகாமில் சாமான் கொடுக்கும் வரிசையில் ஒருநாள் அவருடைய ஐயாவின் முறை வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவன் எல்லோருக்கும் கேட்கப் பெயரைச் சொல்லி, "உனக்கு இல்லை, தள்ளி நில்லு" என்றானாம். "ஐயா தள்ளித்தான் நிண்டவர். நாங்கள் திரும்பி வாறமட்டும் தள்ளித்தான் நிண்டவர்." ஹோர்னை அடித்து ஒரு மாட்டை விலத்தினார்.

நான் கெட்டிக்காரி. அவருடன் சண்டை பிடிப்பதைவிட ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் பார்க்க முடியாத நேரங்களில் அவர் எந்த நிறம் சொன்னாலும் ஒன்று கூட்டி எழுதிக்கொண்டேன். பின்னால் ஆய்வுகூட முடிவுகளோடு ஒப்பிட்டபோது என் தாள்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அந்தச் சரியில் எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு பெருமை! அவர் குறைத்துச் சொல்வதை என் தாள் திருத்திக்கொள்ளும். கேட்டுக்கொண்டிருந்த சனத்தின் காதை யார் திருத்துவது என்று நான் யோசிக்கவேயில்லை.

மன்னார்த் தீவின் வடகரையில், உப்புக் கரிக்கும் கிணறுகளுக்கு நடுவே ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு ஒரு வீட்டு வளவுக்குள் இருந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணி என்றால் இனிக்கிற தண்ணீர். வேறு எந்த நன்மையையும் அந்தச் சொல் கேட்பதில்லை. கிணற்றையும் வீட்டையும் பெற்றோர் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். மகளுக்கு என்னைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. தாய்ப்பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் கடலுக்குப் போய்விடுவான். கணவனின் தாய் அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்து, "இந்தத் தண்ணியிலதான் தேத்தண்ணி தேத்தண்ணியா இருக்கு" என்று குடித்துவிட்டுப் போவா.

நாங்கள் முதன்முதல் போன அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. முன்விறாந்தையில் போத்தலோடு அவரை இருத்திவிட்டு, நான் வீட்டின் பின்னால் போய் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் நீரை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரத் தூறல் விழத் தொடங்கிவிட்டது. அவர் காகிதத்தை மடித்துக் கழிவுப் போத்தலுக்குள் போட்டிருந்தார்.

"கடும் மஞ்சள்," என்றார் மெல்ல.

நான் கபிலம் என்று எழுதினேன்.

"முடிவு வருமட்டும் குடிக்க வேண்டாமெண்டு சொன்னீங்கள்தானே?"

"சொன்னனான்."

"வடிவாச் சொன்னீங்களோ?"

"கொஞ்சம் சொன்னனான், பிள்ளை. ஏறுங்கோ, நனையப் போறீங்கள்."

நான் ஏறினேன்.

ஆய்வுகூட முடிவு வந்தது. குழந்தைக்கு ஒரு துளிகூடக் கொடுக்கக்கூடாத அளவு. அன்றைக்கே ஓடினோம். குசினிக்குள் நுழைந்தபோது அடுப்பில் ஒரு பானை தளதளத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வற்றிய தண்ணீர்.

"இது குழந்தைக்கு," என்றாள் அந்தப் பெண், பெருமையாக. "கொஞ்சம் ஏதோ இருக்காம், கொதிக்க வச்சுக் குடுங்கோ எண்டு சொன்னதுக்குப் பிறகு, பாதியா வத்தும் மட்டும் விடாமல் கொதிக்க வைக்கிறனான்."

ஆசனிக் ஆவியாகப் போவதில்லை. தண்ணீர்தான் போகும். வற்ற வற்ற, மிஞ்சியதில் அது கூடிக்கொண்டே வரும். அதை நான் சொல்லி முடிக்க, மாமியார் குசினி வாசலில் வந்து நின்றா.

"யார் உனக்குக் கொதிக்க வைக்கச் சொன்னது?"

அந்தப் பெண் குசினி யன்னலால் வெளியே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் எங்களோடு உள்ளே வரவில்லை. வேலிப் படலைக்கு வெளியே ஓட்டோவுக்குள் கைபிடியில் நெற்றியை வைத்தபடி இருந்தார்.

"ஒருதரும் சொல்லேல்ல, மாமி. எனக்குத்தான் விளங்கேல்ல."

"விளங்கேல்லையாம்! நஞ்சைக் காய்ச்சிக் காய்ச்சிப் பிள்ளைக்குப் பருக்கியிருக்கிறாள். சீதனமெண்டு ஒரு கிணறு, அதுக்கொரு காவல்காரி!"

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனபிறகு, அந்தப் பெண் பானையை இறக்கி, தண்ணீரைத் தென்னையடியில் ஊற்றினாள். பிறகு என்னிடம் மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த அண்ணை அண்டைக்கு, காகிதத்தைப் பார்த்தாப் பிறகுதான் ரெண்டாந்தரமும் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சவர், அக்கா. நஞ்செண்டால் ஒரு மனுசன் கேட்டுக் குடிப்பாரே எண்டு நினைச்சிட்டன்."

திரும்பி வரும் வழியில் அவரே சொன்னார். "அந்தப் பிள்ளையின்ர முகம் கறுத்துப் போச்சு, காகிதத்தைக் கண்டதும். அதுதான் இன்னொண்டு தாங்கோ எண்டு கேட்டனான்." கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல தேத்தண்ணிதான்" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது; அவருடைய முதுகைப் பார்க்கவே கூச்சமாகவும் இருந்தது. ஒன்று கூட்டி எழுதிய என் தாள் மடியில் படபடத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாளிலிருந்து, தெரு விழிக்கும் முன், கோயிலடிக் குழாயில் தண்ணிக் கான்களை நிரப்பி அந்த வீட்டின் பின்படலையால் இறக்கிவைத்துவிட்டு வரத் தொடங்கினார். நல்ல தண்ணிக் கிணற்றுக்காரி குழாயடியில் கானோடு நிற்பதை ஊர் பார்க்கக்கூடாதாம்.

"கசிப்புச் சாராயம் கடத்திறமாதிரியெல்லோ தண்ணி கடத்துறான் இவன்," என்று மாமியார் என்னிடமே சொன்னா. குழந்தையின் ஞானஸ்நானம் வந்துகொண்டிருந்தது. விருந்து மருமகளின் வீட்டில் என்றுதான் பேச்சு. இப்போது மாமியார் புதுக்கதை தொடங்கியிருந்தா. "கிணறு சரிவந்தால் இங்க. இல்லாட்டி என்ர வீட்டில. ஏனெண்டு கேக்கிற சனத்துக்கு நடந்ததைச் சொல்லுவன், எனக்கென்ன?"

நடந்தது என்று அவ சொல்லப்போவது, தாய் விளக்கமில்லாமல் பிள்ளைக்கு நஞ்சு காய்ச்சிக் கொடுத்த கதையை.

இதைக் கேட்ட அன்றைக்கே அவர் தெற்கே காட்டோரத்து மறிச்சுக்கட்டிக்குப் போய்விட்டார், எனக்குக்கூடச் சொல்லாமல். அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புத் துரு அதிகம், அது ஆசனிக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று நான் ஓட்டோவில் ஓயாமல் அளந்ததையெல்லாம் கேட்டுத்தான் வைத்திருக்கிறார். ஒரு வீட்டில் கேட்டு, வளவுக்குள் வெட்டிய மண்ணைச் சாக்கில் கட்டிக்கொண்டு வர, காட்டிலாகாக்காரர்கள் மறித்திருக்கிறார்கள். கிணற்று விசயத்தைச் சொன்னால் அந்தப் பெண்ணின் ஊருக்கு வெட்கம் என்று, "பூங்கண்டுக்கு" என்றிருக்கிறார். மன்னாரில் மண் முடிஞ்சு போச்சோ என்று சிரித்து விட்டார்களாம்.

நானும் அவரும் அந்த மண்ணை அரித்தோம், தாச்சியில் வறுத்தோம், கலங்கல் தெளியும்வரை கழுவினோம். குழாய் பூட்டிய வாளிக்குள் அடியில் மணல், நடுவில் செம்மண், மேலே மறுபடி மணல். "இது பிடிக்கும் அம்மா, இருந்து பாருங்கோ" என்று மாமியாரிடம் நான் வாய்விட்டேன். பிற்பாடு மண்ணை இன்னும் சன்னமாக அரித்து, குழாயை நூல்போல ஒழுகவிட்டு, தண்ணீர் மண்ணுக்குள் கூடநேரம் நிற்க வைத்தபோது காகிதம் வெள்ளையாக வந்தது உண்மைதான். ஆனால் அது ஞானஸ்நானமெல்லாம் முடிந்தபிறகு.

வாளியைக் கொண்டுபோய் வைத்த அன்று முற்றத்தில் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டபடி தூணோடு சாய்ந்து நின்றாள். வடிந்த தண்ணீரைப் போத்தலில் பிடித்து, பொடியைப் போட்டு மூடினோம். நேரம் போனதும் மூடியைத் திறந்து காகிதத்தை எடுத்தேன்.

மஞ்சள்.

கபிலத்திலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருக்கிறது. "பாருங்கோ, எவ்வளவு குறைஞ்சிருக்கு!" என்று தொடங்கினேன். மாமியார் என்னைக் கவனிக்கவே இல்லை.

"தம்பி, நீர் சொல்லும். கொஞ்சந்தானே? விருந்துக்குச் சமைக்கலாந்தானே?"

அவருடைய காது சிவந்துகொண்டு வருவதைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லால் அந்தப் பெண்ணின் வீட்டில் விருந்து நடக்கும், மாமியாரின் வாய் மூடும்.

"இல்லை அம்மா," என்றார். "இது காணாது. பிள்ளைக்குக் குடுக்க ஏலாது. சமைக்கவும் ஏலாது."

"பிறகென்ன, என்ர வீட்டிலதான்."

"அம்மா, இன்னொண்டு. கொதிக்க வைக்கச் சொன்னது நான். கபிலமா வந்ததைக் குறைச்சுச் சொன்னதும் நான்தான். இந்தப் பிள்ளை, நான் சொன்னதைத்தான் செய்தவ."

மாமியார் தொடங்கினா. அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆம்பிளையோ நீ என்றா. உன்ர பிள்ளையெண்டால் குடுப்பியோ என்றா. இந்தியாவில நிவாரணம் திண்டு வளந்ததுக்கு வேறென்ன புத்தி வரும் என்றா. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியைப் பார்த்தார்கள். அவர் ஓட்டோவுக்குப் போகவில்லை. ஏசி முடியுமட்டும் அங்கேயே, அவவுக்கு முன்னாலேயே நின்றார்.

நிறுத்தியது அந்தப் பெண்தான்.

"காணும் மாமி. இவனுக்குப் பால் கரைக்கத் தண்ணி இல்ல." குழந்தையை மாமியாரின் கையில் கொடுத்தாள். விறாந்தை மூலையில் கிடந்த கானை எடுத்தாள். "அண்ணை, ஓட்டோவை எடுங்கோ. முன்படலையால."

கோயிலடிக் குழாயில் பின்னேர வரிசை நீளமாக நின்றது. அவள் இறங்கிக் கடைசியில் போய் நின்றாள். ஊரில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள்.

"என்னடி, நல்ல தண்ணிக்காரி? உங்கட கிணறு வத்திப் போச்சோ?"

"வத்தேல்ல அக்கா. அதில ஆசனிக் இருக்கு. நஞ்சு. உங்கட கிணத்தையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ, உங்களுக்கும் சின்னப் பிள்ளையள் இருக்கு."

சிரிப்பு நின்றது. "ஆர் பார்க்கிறது?"

அவள் கையை நீட்டி ஓட்டோப் பக்கம் காட்டினாள். வரிசை முழுவதும் கேட்கும்படி, பகிடியுமில்லாமல் கோபமுமில்லாமல் சொன்னாள்.

"உந்த அண்ணையைக் கூப்பிடுங்கோ. என்ர வீட்டில பொய் சொன்னவர். இனிச் சொல்ல மாட்டார்."

அத்தனை முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. என்னால் தாங்க முடியவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவர் ஓட்டோவை விட்டு இறங்கி, வரிசையை நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.